ஒரு கரண்டி தாய்மாவு

"ஒரே ஒரு கரண்டி! அதுக்கு மேல ஒரு சொட்டுகூடக் கேட்கக் கூடாது."

பேக்கரியின் பின்கட்டில் நின்று அண்ணன் கறாராகச் சொன்னார். தனிக்கடை போடப்போகும் தங்கை, கையில் ஒரு கண்ணாடி ஜாடியுடன் எதிரே நின்றாள். இருவருக்கும் நடுவே அந்தத் தொட்டி. உள்ளே தாய்மாவு குமிழி விட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் ஈஸ்ட் பாக்கெட்டைச் சேர்த்ததே கிடையாது. அப்பா புளிக்கவைத்துவிட்டுப் போன மாவுதான் ரொட்டியை உப்ப வைக்கும், ருசியையும் கொடுக்கும்.

"அப்பா கை பட்ட மாவு இது. அவர் போனப்புறமும் ஒரு நாள்கூடச் செத்ததில்ல. யாரால?" அண்ணன் நெஞ்சைத் தட்டிக்கொண்டார்.

"உன்னாலதாண்ணா."

"கடைக்கு இடம் பிடிச்சாச்சு, திறக்கற தேதியும் ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. ஒரு கரண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவ? தினம் ஒரு கரண்டின்னு சேர்த்தாக்கூட, தொட்டி நிறையறதுக்குள்ள நீ பாட்டியாயிடுவ! பேசாம இங்கயே இரு."

உண்மையில் அவளை அனுப்ப அவருக்கு மனசே இல்லை. அவள் இல்லாமல் கடை எப்படி ஓடும் என்று உள்ளுக்குள் ஒரே உதறல். அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டால் அண்ணன் என்ற கெத்து என்னாவது?

"ஒரு கரண்டி தாராளம்ணா" என்று சிரித்தபடி ஜாடியை நீட்டினாள் தங்கை.

கடை திறப்பு நாள் வந்தது. அண்ணனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பெரிய வாளி நிறையத் தாய்மாவை அள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாவு பற்றாமல் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள், 'இந்தா, வெச்சுக்க' என்று தூக்கிக் கொடுத்துவிட்டுப் பெரிய மனுஷனாகத் திரும்பலாம் என்பது கணக்கு. வழியெல்லாம் வாளி காலில் இடித்தது. இருந்தாலும் நடையில் ஒரு மிடுக்கு.

போய்ப் பார்த்தால், கடை வாசலில் தெருமுனை வரை வரிசை. பின்கட்டில் நுழைந்தவர் வாளியைக் கீழே வைத்தார். அவருடைய தொட்டியைவிடப் பெரிய தொட்டி ஒன்று, விளிம்புவரை தாய்மாவுடன் நின்றது.

"இது எங்க வாங்கினது?"

"நீ கொடுத்த ஒரு கரண்டிதாண்ணா."

"யார் காதுல பூ சுத்தற?"

"ஒரு கரண்டிக்குச் சமமா மாவும் தண்ணியும் போட்டேன். பொங்கி ரெண்டு கரண்டியாச்சு. ரெண்டுக்குச் சமமாப் போட்டேன், நாலாச்சு. அப்புறம் எட்டு, பதினாறு. அஞ்சாவது தடவை வரைக்கும் ஜாடிக்குள்ளயே இருந்துது. பத்தாவது தடவை ஆயிரம் கரண்டியத் தாண்டிடுச்சு. அடுத்த ரெண்டு தடவையில வாளி பத்தாம தொட்டிக்கு ஓடினேன்!"

"நானும் இத்தனை வருஷமா மாவு கலக்கறேன். என் தொட்டி வளர்ந்ததே இல்லையே?"

"அதுவும் தினமும் ரெண்டு மடங்காகுதுண்ணா. பாதிய எடுத்து ரொட்டி சுடறோம், மீதியில மாவும் தண்ணியும் போட்டு மறுபடி நிரப்பறோம். எடுத்துட்டே இருக்கறதால வளர்றது தெரியல. நான் கொஞ்ச நாள் எடுக்காம விட்டேன், அவ்வளவுதான்."

அண்ணன் ஒரு ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டார். அப்பா சுட்ட அதே ருசி. தங்கையை நினைத்து அவருக்குப் பெருமை பொங்கியது. ஆனாலும் வீம்பு விடுமா?

"என்ன இருந்தாலும் என்னோடது அப்பா வெச்ச தொட்டி. உன்னோடது ஒரு கரண்டியப் பெருக்கினது. அது சரி, ஒரு கரண்டி போதும்னு எந்தத் தைரியத்துல கிளம்பின? பொங்காமப் போயிருந்தா?"

தங்கை கொஞ்சம் தயங்கினாள். பிறகு தலை நிமிர்ந்து, கண்ணெல்லாம் பெருமையுடன் சொன்னாள்.

"ஏற்கனவே ஒரு தடவை செஞ்சதுதாண்ணா. நீ ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரில இருந்தப்ப, குளிருக்கு மாவு பொங்கலையேன்னு ஆளுங்க நம்ம தொட்டிய அடுப்பை ஒட்டி நகர்த்தி வெச்சுட்டாங்க. மாவு பூரா வெந்து செத்துப்போச்சு. கழுவப் போட்டிருந்த தொட்டி மூடியில காஞ்சு ஒட்டியிருந்ததை நகத்தால சுரண்டினேன், அரைக் கரண்டிகூடத் தேறல. நீ இவ்வளவு நாளா அப்பா வெச்சதுன்னு பெருமைப்படறியே, அந்தத் தொட்டி மாவு மொத்தமும் அந்த அரைக் கரண்டிதான்!"