நாலாவது நாள்

தேசத்தின் தொழில்நுட்ப வரலாறு இனி இரண்டாகப் பிரிக்கப்படும்: பவதாரிணிக்கு முன், பவதாரிணிக்குப் பின்.

பள்ளி வாசலில் இருபதடிப் பதாகை அப்படித்தான் அறிவிக்கிறது. அகில இந்தியப் பொறியியல் நுழைவுத் தேர்வில் அவள் நானூற்றுப் பன்னிரண்டாவது இடம். பக்கத்தில் அவள் படம். அதைவிடப் பெரிதாகத் தாளாளர் படம்.

தகுதி விதிகளுக்குப் பதாகையில் இடம் போதவில்லை.

விதி சின்னதுதான். எத்தனையாவது இடம் வாங்கினாலும், பிளஸ் டூவில் எழுபத்தைந்து சதவீதம் இருந்தால்தான் கல்லூரிக்குள் விடுவார்கள். அறுநூற்றுக்கு நானூற்றைம்பது.

அவளுக்கு நானூற்று நாற்பத்தொன்பது.

மறுமதிப்பீடு கேட்க இன்று மாலை ஐந்து மணி வரை நேரம்.

இப்போது மணி நாலு பத்து.

தாளாளர் அறையில் தமிழாசிரியர் விடைத்தாள் நகலைப் பிரித்தார். மற்ற ஐந்து தாள்களையும் பார்த்தாயிற்று, ஒன்றும் தேறவில்லை. மிச்சம் இந்தத் தமிழ்த் தாள். நூற்றுக்கு முப்பத்தெட்டு. அதில் பத்து, அகமதிப்பீடு என்ற பெயரில் பள்ளியே வாரி வழங்கியது.

அந்தப் பள்ளியில் வேலை பார்த்த பதினோரு ஆண்டுகளில் இந்த அறையில் அவருக்கு நாற்காலி போட்டது இதுதான் முதல் முறை.

ஏசி காற்றைக்கூட அவர் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

"ஐயா, ஒரே ஒரு மார்க். உங்களாலதான் முடியும்" என்றார் தாளாளர்.

இரண்டு ஆண்டுகளாக ஐயாவால் முடிந்தது வேறு. கால அட்டவணையில் தமிழுக்கு வாரம் ஆறு பாடவேளை. அட்டவணை, ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் பார்ப்பதற்கு. அந்த ஆறிலும் நடந்தது இயற்பியல். அவர் அலுவலக மூலையில் அடையாள அட்டைகளுக்கு லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தார்.

முதல் பக்கம்.

சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் பதினான்கு கேள்விகள். ஐந்து சரி. குத்துமதிப்பாக டிக் அடித்தால் வருகிற அளவு.

இரண்டாம் பக்கம். ஐந்திணைகளை விளக்கச் சொன்ன கேள்விக்கு, "கொடுக்கப்பட்டவை: திணை = 5. கண்டறிய வேண்டியது: விளக்கம்" என்று தொடங்கியிருந்தாள்.

அதற்கும் யாரோ ஒரு புண்ணியவான் ஒரு மதிப்பெண் போட்டிருந்தார்.

மணி நாலரை.

கணினி முன்னால் இயற்பியல் ஆசிரியர். விண்ணப்பப் பக்கத்தைத் திறந்து வைத்து, மவுஸில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். கை எடுக்கவேயில்லை.

சுவரோரம் அவளுடைய அப்பா. லாரிக்குக் கூடு கட்டும் பட்டறையிலிருந்து நேராக வந்தவர். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை. சட்டையில் கரி.

"ஏனுங்க ஐயா, எங்கயாச்சும் ஒண்ணு ஒளிஞ்சு கெடக்குதுங்களா?"

தமிழாசிரியர் மதிப்பெண்களைக் கூட்டினார். இருபத்தெட்டு. திரும்பக் கீழிருந்து மேலாகக் கூட்டினார்.

இருபத்தெட்டு.

அப்பா பக்கத்தில் நின்ற பவதாரிணி அவர் பேனா முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா ஒரு பக்கத்தில் நின்றது. அடுத்து இன்னொரு பக்கத்தில். பிறகு கடைசிப் பக்கத்தில்.

ஆறுக்கு ஆறு.

நாலுக்கு நாலு.

இரண்டுக்கு இரண்டு.

கையெழுத்துகூட அந்த மூன்றிலும் நிதானமாக இருந்தது. ஒற்றுப்பிழை இல்லை. மனப்பாடப் பாட்டில் ஒரு சீர் மாறவில்லை.

மணி நாலு ஐம்பது.

"கூட்டல் சரியா இருக்குங்க" என்றார். "திருத்துனவரு ரெண்டு எடத்துல இரக்கப்பட்டு வேற போட்டிருக்கார். மறுபடி திருத்தச் சொன்னா அதுவும் போயிரும்."

"கூடாதா?" என்றார் தாளாளர்.

"கூட வழியில்ல. கொறையத்தான் வழி."

அவள் அப்பா கரிக் கையை வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

தாளாளர் எழுந்து வந்தார். விடைத்தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் புரட்டினார். அவருக்கும் அந்த மூன்று பக்கங்கள் கண்ணில் பட்டன.

"இதுல மட்டும் முழுசா வாங்கத் தெரியுதில்ல? மத்ததுல என்னம்மா கேடு?"

அவள் தலை நிமிரவில்லை.

"அது ஐயா நடத்துனதுங்க சார். அந்த மூணு நாளும் பிசிக்ஸ் சார் லீவுங்க."

மவுஸிலிருந்து கை விலகியது.

உண்மைதான். மூன்று நாள் தமிழாசிரியரை வகுப்புக்கு அனுப்பினார்கள். சத்தம் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர்தான் சும்மா இருக்கமாட்டாமல் பாடம் நடத்திவிட்டார்.



தாளாளரின் நாற்காலிக்கு மேலே ஒரு படம். ஆண்டு விழாவில் எடுத்தது. இயற்பியல் ஆசிரியருக்குத் தாளாளர் பொன்னாடை போர்த்துகிறார். கீழே பொன்னெழுத்தில், 'விடுப்பறியாச் செம்மல்'.

கணினித் திரையில் மணி ஐந்து ஆனது. விண்ணப்பப் பக்கம் தானாக மூடிக்கொண்டது.

செம்மல் இரண்டு ஆண்டுகளில் எடுத்த விடுப்பு மூன்று நாள்.

நாலாவதாக ஒரு நாள் கேட்டிருந்தார். தாளாளர் கொடுக்கவில்லை.