நாலரை மணிச் சர்க்கரை

"நிஜத்தைச் சொல்லுங்க அக்கா. அவருக்கு என்ன குடுத்தீங்க?"

நர்ஸ் ஜீவிதா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"சாமி சத்தியமா வாய்க்கு ஒரு துளி போகலீங்க சிஸ்டர்" என்றாள் வடிவு.

கட்டிலில் அவள் கணவன் சித்தையன் கண்மூடிக் கிடந்தான். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் பலத்த அடி. பன்னிரண்டு நாளாக நினைவில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். வெண்டிலேட்டரை எடுத்து நாலு நாளாகியும், கூப்பிட்டாலும் கிள்ளினாலும் அசைவில்லை.

"நாலு மணிக்கு நூத்தி நாப்பது. நீங்க வந்து உக்காந்தா நாலரைக்கு நானூத்திப் பத்து. மூணு நாளா இதே கதை. இன்சுலின் போட்டா தடால்னு அம்பதுக்கு இறங்குது. அடிபட்ட மூளை அக்கா, சர்க்கரை ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து."

"அவரு இனிப்பை வாயில வெக்கறதே இல்லீங்க. வாசம் பட்டாலே ஒமட்டுதும்பாரு."

"அப்போ சர்க்கரை சிட்டி பஸ் பிடிச்சு வந்துச்சா?"

இன்றும் ஏறினால் நாளை முதல் வடிவை உள்ளே விடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் இந்த அரை மணிதான் அவளுக்கு ஒரு நாள்.

ஜீவிதாவுக்கும் அவளை விரட்ட மனமில்லை. இன்று ஊசி போடுவதற்கு முன், முழங்கை மடிப்பிலிருந்து ரத்தம் எடுத்து அவசரமாக லேபுக்கு அனுப்பியிருந்தாள். போன் வந்தது.

"நூத்தி முப்பத்தெட்டா? ஹௌதா, நிஜமாவா? சித்தையன் ரத்தம்தானே பாத்தீங்க?"

ஒரே ஆளுக்கு ரெண்டு சர்க்கரையா? மறுபடி விரலில் குத்திப் பார்க்கலாம் என்று சித்தையனின் வலது கையைத் தூக்கினாள். அவளுடைய கையுறை அவன் விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"அக்கா!"

வடிவு முந்தானைக்குள்ளிருந்து சின்ன எவர்சில்வர் டப்பா ஒன்றை எடுத்தாள்.

"பாகுங்க. மார்க்கெட்டுப் பக்கத்துல மைசூர் பாகு போடற மாஸ்டருங்க அவரு. இருவத்திரண்டு வருசமா இந்த ரெண்டு விரல்லதான் பதம் பாக்கறாரு. தூக்கத்துல கூட விரலைத் தேச்சுக்கிட்டே கெடப்பாரு. வாய்க்குத்தானுங்களே குடுக்கக் கூடாதுன்னீங்க? விரல்ல தடவுனா நெனப்பு வந்துருமோன்னு..."

"அந்த விரல்லதான் அக்கா நான் குத்தறேன்!"

ஜீவிதா தலையில் அடித்துக்கொண்டாள். பஞ்சை வெந்நீரில் சொட்டச் சொட்ட நனைத்து அவன் விரல்களைத் துடைத்தாள். "டாக்டர் மட்டும் பாத்தாருன்னா..."

சித்தையனின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மெல்ல ஒட்டின. பிரிந்தன. மறுபடி ஒட்டிப் பிரிந்தன. கண் திறக்கவில்லை. புருவம் மட்டும் சுருங்கியது.

"எவன்டா... பாகுல தண்ணி ஊத்துனது?" என்றான்.