சம்பந்தியோடு வந்த பதினாலு பேர்

மாரப்பன் குரங்குக் குல்லாயை மூக்கு வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கற்பூர மரத்துக்குப் பின்னால் பதுங்கினார். அறுபத்திரண்டு வயதில், இஸ்திரி போட்ட கோட்டோடு அவர் ஒளிந்து நிற்பது இதுவே முதல் தடவை.

"ஏனுங்கண்ணா, அங்க என்ன பண்றீங்க? உங்க பார்ட்டி வந்திருச்சு. தூத்துக்குடிக்காரங்க, பதினாலு பேரு" என்று வாசலில் இருந்து கத்தினான் பாண்டியராஜ். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் அவனும் மாரப்பனைப் போல ஒரு கைடு.

"நீ கூட்டிட்டுப் போயிரு சாமி. எனக்கு ஒடம்பு சரியில்லே."

"அதெப்படிங்க? இது உங்க முறை. முறை மாத்தினா ஒரு வாரத்துக்கு ரெண்டு பேரையும் கேட்டுப் பக்கமே உடமாட்டாங்க."

மாரப்பனின் உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் கூட்டத்துக்கு முன்னால், கையில் மஞ்சள் குடையோடு கம்பீரமாக நின்றவர் கோயம்புத்தூர் நல்லசாமி. அவருடைய மகன் வசந்த்குமாருக்கும் மாரப்பனின் மகள் பிரீத்திக்கும் வருகிற வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம்.

பெண் பார்க்க வந்த அன்று, "நமக்கு பனியன் எக்ஸ்போர்ட்டுங்க" என்றார் நல்லசாமி. அந்தஸ்தில் தாழ்ந்து போக மனமில்லாத மாரப்பன், "நான் தோட்டக்கலையில பெரிய ஆபீசரா இருந்து ரிட்டயரானவனுங்க" என்று சொல்லிவிட்டார். உண்மையில் முப்பது வருஷம் நாற்று நட்டவர். ஊட்டி காந்தலில் அக்கம்பக்கத்தார் கண்ணில் படக்கூடாது என்றுதான் தினமும் பஸ் ஏறிக் குன்னூருக்கு வந்து கைடு வேலை பார்த்தார்.

வேறு வழியில்லை. தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"வாங்க, வாங்க. இப்படி வாங்க."

"ஏனுங்க, கொரலு ஏன் இப்படி இருக்குது?" என்றார் நல்லசாமி.

"பனிங்க. தொண்டை கட்டிக்கிச்சு."

நல்லசாமிக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் கவனமெல்லாம் கூட்டத்தின் மேல் இருந்தது. குடையை நீட்டி நீட்டி, "பன்னெண்டு, பதிமூணு... கெஸியா டீச்சர் எங்கீங்க? ஆங், பதினாலு" என்று எண்ணிக்கொண்டே வந்தார். ஏற்றுமதிக்காரருக்குத் துறைமுகத்து ஊரில் நண்பர்கள் இருப்பது இயல்புதான். நட்பை இப்படித் தாங்குகிற மனிதரின் வீட்டில் மகள் வாழப்போகிறாள் என்று மாரப்பனுக்குக் குல்லாய்க்குள் பெருமை பொங்கியது.

கற்பூர இலையைக் கசக்கி ஒவ்வொருவர் மூக்கிலும் காட்டினார். எல்லோரும் "ஆஹா" என்றார்கள். நல்லசாமி மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா பாண்டிச்சேரி பொட்டானிக்கல் கார்டன் நெழலுக்கு ஈடாகாதுங்க. விசாகப்பட்டினத்துல கடலைப் பார்த்தாப்பல ஒரு பார்க்கு இருக்குது பாருங்க..."

மாரப்பனுக்குச் சுருக்கென்றது. "உப்புக் காத்துல நிக்கிற செடியும் எங்க செடியும் ஒண்ணுங்களா? இங்க ஒரு ரோஜா எத்தனை நாளு வாடாம நிக்கும் தெரியுமுங்களா?"

"கடக்கரையில ரோஜா இல்லீன்னா என்னங்க? நித்தியகல்யாணி வருஷம் பூராப் பூக்குமே!"

"அது எங்கூர்ல வேலியோரம் பூக்குமுங்க!"

"வேலியோரமா? சென்னைக்கு வந்து பாருங்க, நடுப் பாத்தியில வெச்சிருக்கறாங்க!"

இருவரும் கையை வீசிக்கொண்டு படிகளில் இறங்கினார்கள். பின்னால் பதினாலு பேரும் கைபேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே ஓடினார்கள். "விட்டுராதிய! ரெண்டு பேரும் இன்னுங் கொஞ்சம் போடுங்க!" என்று கெஸியா டீச்சர் கைதட்டினார். கரகரப்புக் குரல் எப்போதோ காணாமல் போயிருந்ததை மாரப்பன் கவனிக்கவில்லை.

உருத்திராட்ச மரத்தருகே, பின்பக்கமாக நடந்தபடியே ஆள் எண்ணிய நல்லசாமி பாசிப் படியில் காலை வைத்தார். கால் வழுக்கியது. மாரப்பன் பாய்ந்து அவரை இடுப்போடு சேர்த்துப் பிடித்தார்.

"பாத்துங்க சம்பந்தி!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. பாய்ந்த வேகத்தில் குல்லாயும் நெற்றிக்கு மேலே ஏறியிருந்தது. நல்லசாமியின் முகம் வெளுத்துப் போயிற்று.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் குழு மேல் வாசலை நோக்கிச் சிரித்துக்கொண்டே போய்விட்டது. மாரப்பன் குல்லாயை முழுதாகக் கழற்றினார். கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்றார்.

"ஆபீசர்னு சொன்னது பொய்யுங்க. செடி நட்டேன், இப்ப கைடு. நான் பொய் சொன்னது பிரீத்திக்குத் தெரியாது. நிச்சயத்தை நிறுத்தறதுன்னா என்மேல குத்தம் சொல்லி நிறுத்துங்க. என்ற பொண்ணு மேல ஒரு சொல்லு வரப்படாது."

 அந்தக் குளிரிலும் நல்லசாமியின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. கோபத்தை அடக்குகிறார் என்று நினைத்து மாரப்பன் தலைகுனிந்தார். நல்லசாமியோ கையிலிருந்த குடையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

மேலே பஸ்ஸின் ஹாரன் அலறியது. கெஸியா டீச்சர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஏ, கைடு அண்ணாச்சி! பதினாலு பேரும் ஏறியாச்சு. சீக்கிரம் வாரும்!"

மாரப்பன் கைகூப்பினார். "நான் இங்கயேதானுங்கம்மா. பஸ்ஸுல எல்லாம் வர்றதில்லீங்க."

"ஒம்ம யாரு கூப்பிட்டா? நான் எங்க மஞ்சக் குடை கைடைக் கூப்பிடுதேன்!"