தேடினால்தான் கணக்கு

"உங்க பையன் போன வாரம் எங்கயாச்சும் வேலை தேடினாருங்களா, ஐயா?"

அவருக்குப் பதில் தெரியும்.

கணக்கெடுக்க வந்த பெண் கையில் டேப்லெட்டோடு காத்திருந்தாள். நாட்டில் நூற்றுக்கு எத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று கணக்குப் போடுகிறார்களாம். போடட்டும். அதற்கு இந்த வீட்டுக் கதவைத்தானா தட்ட வேண்டும்?

மகன் சுதாகர் உள்ளறையில் படுத்திருந்தான். வெயில் ஏறி வெகுநேரம் ஆகியிருந்தது.

ஒரு காலத்தில் எப்படித் தேடினான்!

இன்ஜினியரிங் முடித்த புதிதில் வீடே சேர்ந்து தேடியது. விடிவதற்குள் ருக்மணி மகனின் சட்டைக்கு இஸ்திரி போட்டுவிடுவாள். மில் ஷிப்டுக்குக் கிளம்புகிற அவசரத்திலும் அவர் அவனுடைய ஷூவுக்குப் பாலிஷ் போடுவார். நெற்றியில் திருநீறு, கையில் ஃபைல். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாப் வரைக்கும் சைக்கிளில் கொண்டுபோய் விடுவார்.

சாயங்காலம் கேட்டைத் திறக்கும்போதே முகம் சொல்லிவிடும்.

அதனால் என்ன! சாப்பிட உட்கார்ந்தால், அங்கே என்ன கேட்டார்கள், இவன் என்ன உளறினான் என்று மூன்று பேரும் பேசிப் பேசிச் சிரிப்பார்கள். புரையேறும். ருக்மணி இருவர் தலையிலும் தட்டுவாள்.

நல்ல காலம் அது. அப்போது தெரியவில்லை, பாருங்கள்.

எப்போது விட்டான் என்று சொல்ல முடியாது. ஒருநாள் யாரும் அவனை எழுப்பவில்லை. அவ்வளவுதான்.

"தேடறானுங்க, அம்மிணி," என்றார்.

"இல்லைங்க." உள்ளறையிலிருந்து சுதாகரின் குரல். "நான் தேடறதில்லைங்க."

அந்தப் பெண் தலை குனிந்துகொண்டாள்.

"அப்படீன்னா அவரு வேலையில்லாதவங்க கணக்குல வரமாட்டாருங்க, ஐயா. தேடினாத்தான் கணக்கு."

அடக் கடவுளே! வேலையும் இல்லை, வேலையில்லாதவனும் இல்லை என்றால், என் பிள்ளை யாரம்மா என்று கேட்க வந்தது. அவளும் சின்னப் பெண். அவளைக் கேட்டு என்ன ஆகப் போகிறது?

அவள் அடுத்த கேள்விக்குப் போனாள்.

"மில்லு மூடிருச்சுன்னீங்களே, அதுக்கப்புறம் நீங்க சும்மாதானுங்களா? இல்ல, போன வாரம் நீங்க ஏதாச்சும் தேடினீங்களா?"

அவர் சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். ருக்மணிக்கு இது தெரியாது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பீளமேட்டுல ஒரு அப்பார்ட்மெண்ட்டுல வாட்ச்மேன் வேலை கேட்டிருக்கேன், அம்மிணி. வயசாயிருச்சேன்னு யோசிக்கறாங்க. சொல்லியனுப்பறோம்னாங்க."

அவள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக டேப்லெட்டைத் தட்டினாள்.

அந்த வீட்டில் வேலையில்லாதவர் ஒருவர். எழுபதை நெருங்குகிறவர்.

உள்ளறைக் கதவு திறந்தது. சுதாகர் வந்து நின்றான். அவன் காதோரம் நரைத்திருப்பதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

"எந்த அப்பார்ட்மெண்ட்டுங்கப்பா?"