மூன்றாவது பெயர்

"பிள்ளையைத் தூக்கன், மலர். கடிக்காது."

புனிதவதி சொன்னதும் அறையிலிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

கௌசியின் குழந்தைக்கு அன்று முப்பத்தோராம் நாள் சடங்கு. கனடாவின் ஸ்காபரோவில், பதினோராவது மாடியில், இரண்டு அறை வீட்டுக்குள் முப்பது பேர். புனிதவதி கௌசியின் மாமியார். கௌசியின் சிநேகிதி யோகமலர் வேலை முடிந்து பக்ரறியிலிருந்து நேரே வந்திருந்தாள்.

"உடுப்பெல்லாம் தூசி அன்ரி. பிள்ளைக்குக் கூடாது."

"சனிக்கிழமையும் வேலையோ? அவர் எங்கை?"

"அவருக்கும் வேலை."

"கலியாணம் முடிச்சு எத்தினை வருஷம்?"

"ஆறு."

"ஆறு வருஷம்!" புனிதவதி மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். "தாய் மனுசி தனியக் கொழும்பு லொட்ஜிலை கிடக்குது. அவவையும் கூப்பிடேல்லை. பிள்ளையும் பெறேல்லை. புருசனும் பெஞ்சாதியும் ஆளுக்கு ரெண்டு வேலை. உந்தக் காசை ஆருக்கடி சேக்கிறியள்?"

"விடுங்கோ மாமி," என்றாள் கௌசி.

"நான் என்ன பொய்யே சொல்லுறன்? பிள்ளை, வெக்கப்படாதை. எனக்குத் தெரிஞ்ச டொக்டர் ஒருத்தர் இருக்கிறார். ஒருக்கால் போய்க் காட்டன்."

"எங்களுக்கு ஒரு குறையும் இல்லை அன்ரி. இப்ப வேண்டாம் எண்டு இருக்கிறம்."

பிள்ளை இல்லாதவளுக்காக இரக்கப்படலாம். வேண்டாம் என்கிறவளை என்ன செய்வது?

"வேண்டாமாம்!" புனிதவதி பலகாரத் தட்டை யோகமலரைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டினாள்.

யோகமலர் கொண்டுவந்த உறையைத் தொட்டிலில் வைத்துவிட்டு எழுந்தாள். லிஃப்ற் வரைக்கும் கௌசி குழந்தையோடு கூட வந்தாள். குழந்தையை அவள் கையில் வைத்தாள்.

லிஃப்ற் வருவதற்கு எடுத்த நேரம் முழுதும் அது அவள் தோளில் கிடந்தது.

பஸ்ஸில் வரும்போது யோகமலர் இரண்டு மூன்று தடவை தலையைச் சாய்த்துத் தன் தோளை முகர்ந்தாள். பாலும் பவுடரும் மணத்தன. வீட்டுக்கு வந்து மற்ற உடுப்பையெல்லாம் தோய்க்கப் போட்டாள். அந்தச் சுவெற்றரைப் போடவில்லை.

மறுநாள் காலை வேலைக்குப் போகுமுன் ரெலிபோன் கார்ட்டைச் சுரண்டி எடுத்தாள். கொழும்பில் அப்போது பின்னேரம். லொட்ஜ் மனேஜர் அம்மாவின் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு படியிறங்கும் செருப்புச் சத்தம். அம்மா யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, அந்தப் படிகளில் ஏறி இறங்கத் தொடங்கி இரண்டு வருஷம்.

"அம்மா, பொலிஸ் பதிவுக்கு வந்தவங்களோ?"

"வந்து பதிஞ்சுகொண்டு போனவங்கள். அதை விடு. ஏதும் விசேஷம் உண்டோ?"

"இல்லையம்மா."

யோகமலர் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"சாப்பிட்டியளோ?"

"மத்தியானம் சாப்பிட்டது. இனி நாளைக்குத்தான்."

"ஏன்?"

"நேத்தி வைச்சிருக்கிறன். உன்ரை வயித்திலை ஒண்டு தங்குமட்டும் எனக்கு ஒருநேரச் சாப்பாடுதான்."

"உங்களுக்கு என்ன விசரோ அம்மா? சீனி வருத்தத்தோடை பட்டினி கிடக்கலாமோ? நாங்கள் உங்களை இஞ்சை எடுக்கத்தானே..."

"எடுத்து? நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்கு ஓட நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? எனக்கு ஒரு அவசரமும் இல்லை. பேரப்பிள்ளைக்குத் தண்ணி வாக்கத்தான் நான் வருவன். நீ முதல் அதைப் பார்."

இன்னும் ஒரு நிமிடம்தான் என்று கார்ட்காரியின் குரல் ஆங்கிலத்தில் இடையில் வந்தது.

"இரவுக்கு ஒரு பிஸ்கட்டாவது சாப்பிடுங்கோ அம்மா."

"பேச்சை மாத்தாதை. வயது போகுது பிள்ளை, உனக்கும் எனக்கும்."

கார்ட் முடிந்துவிட்டது. அவள் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள்.

இரவு வேலை முடிந்து அப்போதுதான் வந்த அவள் கணவன் நவரட்ணம் படுக்கப் போகாமல் மேசையில் இருந்தான். அவன் முன்னால் அம்மாவைக் கனடாவுக்கு எடுப்பதற்கான ஸ்பொன்சர் படிவம், சம்பளக் கடிதங்கள், வரிக் கடதாசிகள்.

"மாமி என்னவாம்?"

"சுகமாம்."

"மூண்டு தரம் கூட்டிப் பாத்திட்டன். போன முறை எண்ணூறு டொலர் காணாதெண்டு திருப்பி அனுப்பினவங்கள். இந்த முறை எங்கடை நாலு வேலையும் சேத்து மட்டுமட்டா வருது. நாளைக்கு அனுப்பலாம்."

யோகமலர் பட்டியலை இழுத்துப் பார்த்தாள். வீட்டில் இத்தனை பேர் என்றால் இவ்வளவு வருமானம். மூன்று பேர் என்ற வரியில் பென்சிலால் கோடு போட்டிருந்தான். அவள் விரல் அங்கே நிற்காமல் அடுத்த வரிக்கு இறங்கியது.

"நாலு பேரெண்டால் இன்னும் ஐயாயிரம் வேணும்," என்றான் நவரட்ணம். "நீர் வேலையாலை நிண்டால் மூண்டுக்கும் காணாது."

"தெரியும்."

"அவ வந்து இறங்க இன்னும் ரெண்டு வருஷமும் செல்லும். பிள்ளை ஏன் இப்ப வேண்டாமெண்டு ஒருக்கால் அவவுக்கே சொல்லிப் பாத்தால் என்ன?"

"சொன்னால் வரமாட்டா."

படிவத்தில் இரண்டு பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. மூன்றாவது கோட்டில் அவள் அம்மாவின் பெயரை எழுதினாள். எழுத்துப் பிழைத்துவிடக் கூடாதென்று மெதுவாக எழுதினாள்.

பிறகு அலுமாரியைத் திறந்து, பிள்ளை தங்காமலிருப்பதற்கான குளிசை அட்டையில் ஞாயிற்றுக்கிழமைக்குரியதை அழுத்தி எடுத்து, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்கினாள்.