தலைமை ஆசிரியரின் கொடி

"நட்சத்திரம் மேலே வரணுமா, கீழே வரணுமா டீச்சர்? சட்டுனு சொல்லுங்க, கை வலிக்குது!"

கொடியை விரித்துப் பிடித்தபடி டிரில் மாஸ்டர் கத்தினார். தையல் டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். தைத்தவரே அவர்தான்.

"மேலேதான். நீங்க எங்கயாவது தரையில நட்சத்திரம் பார்த்திருக்கீங்களா?"

"நான் எங்க டீச்சர் நட்சத்திரம் பார்த்தேன்? காலையிலேர்ந்து கேட்டைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"ஏன்யா, உங்க மாமியார் வராங்களா?" என்றபடி தலைமை ஆசிரியர் படியிறங்கி வந்தார். பெட்டியிலிருந்து எடுத்த கோட்டு. அவருக்கு முன்னால் பாச்சை உருண்டை வாசனை வந்து சேர்ந்தது.

"இல்ல சார்... சிறப்பு விருந்தினர்னு யாரையும் கூப்பிடலையா?"

"கூப்பிட்டா வந்துடுவாங்க. வந்தா கயிற்றை அவங்க கையில கொடுக்கணும்."

அதுதான் விஷயம். இன்றோடு அவருக்குப் பணி ஓய்வு. சாயங்காலம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டால், நாளைக் காலை அந்த நாற்காலியில் வேறொருவர். வாத்தியாராகச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே ஆசை: இந்தக் கொடியை, இந்தக் கம்பத்தில், தன் கையால் ஏற்ற வேண்டும். "நம்ம மொட்டை மாடியில ஏத்துங்களேன், நான் கைதட்டறேன்" என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். அவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

"பாட்டு எப்படி?"

"மூணாம் வகுப்பு அருமையாப் பாடுது சார். பெரிய கிளாஸ் பசங்க வாயை மட்டும் அசைக்கறாங்க" என்றார் டிரில் மாஸ்டர்.

"நீங்க?"

"நான் பெரிய கிளாஸ் சார்."

தலைமை ஆசிரியர் கயிற்றைப் பிடித்தார். பாதிக் கம்பம் வரை ஏறிய கொடி அங்கேயே நின்றுகொண்டது. இழுத்தார். அசையவில்லை. டிரில் மாஸ்டர் கேட்டைப் பார்த்தார். தையல் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வா தாயே, மானத்தை வாங்காதே" என்று முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை ஒரு வெட்டு வெட்டி இழுத்தார். கப்பி கிறீச்சிட்டது. கொடி விறுவிறுவென்று உச்சிக்குப் போய்ப் படபடவென்று விரிந்தது.

அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கோட்டுப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்தது. அவர் குனியவில்லை. மூன்றாம் வகுப்பு தொண்டை கிழியப் பாடியது. மற்ற வகுப்புகளும் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டன.

பாட்டின் இரண்டாவது அடியில் கேட் திறந்தது. போலீஸ் இன்ஸ்பெக்டர்!

சல்யூட் அடித்த டிரில் மாஸ்டரின் கை நெற்றியிலேயே ஒட்டிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றார். பிறகு நேராக வந்தார்.

"யார் ஏத்தினது?"

"நான்தான். வேற யாருக்கும் இதுல சம்பந்தமில்லை" என்றார் தலைமை ஆசிரியர்.

"இன்னிக்கு என்ன தேதின்னு தெரியுமா சார்?"

"தினமும் போர்டுல தேதி எழுதறவனே நான்தான்யா."

இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். "சுதந்திரம் நாளைக்குத்தானே சார்! இன்னிக்கு ராத்திரி வரைக்கும் அந்நியர் ஆட்சிதான். அதுவரைக்கும் இந்தக் கொடியை எவன் ஏத்தினாலும் கைது பண்ணச் சொல்லி எனக்கு உத்தரவு."

"தெரியும். ஆனா நாளைக்கு நான் தலைமை ஆசிரியர் இல்லையே" என்று இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் அண்ணாந்து கொடியைப் பார்த்தார். விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார்.

"இன்னிக்கு எனக்கு வேலை ஜாஸ்தி சார். நாளைக்குக் காலையில வந்து கைது பண்ணிக்கறேன்."