லாலிபாப் ஞாயிறு

"வாயைத் திற, நெவில்."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைங்க எல்லாம் ஒழுங்காத்தான் இருக்குதுங்க. நீ திற."

டீமில் இன்னொரு பையனின் அம்மாவான ஷெரில், அந்த லாலிபாப்பை அவர் வாயில் திணித்தே விட்டாள். எல்லைக் கோட்டோரம் நனைந்தபடி நின்ற நாங்கள், மற்ற பெற்றோர்கள், வாய்விட்டுச் சிரித்தோம்.

இங்கிலாந்தில், எங்கள் ராதர்ஹாம் ஊர்ச் சிறுவர் கால்பந்து லீக்கில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறு இப்படி. ஆட்டம் முடியும்வரை பெற்றோர் கத்தக் கூடாது. கோச்சும் எதுவும் சொல்லித்தரக் கூடாது. பையன்கள் தாங்களாகவே ஆட வேண்டும். எங்கள் வாய் சும்மா இருக்காதே என்று ஆளுக்கொரு லாலிபாப்.

இந்தச் சட்டமே நெவிலுக்காகப் போட்டதுதான் என்று கேலி செய்வோம். மற்ற ஞாயிறுகளில் அவர் தொண்டை அடுத்த தெருவரை கேட்கும். "அடிடா! பாஸ் கொடுடா! தூங்குறியா?" எல்லாம் அவர் மகன் எல்லிஸுக்குத்தான்.

எல்லிஸுக்குப் பதினொரு வயது. பந்து அவன் காலோடு ஒட்டிக்கொண்டுதான் போகும். என் பையனும் அதே டீமில்தான் ஆடுகிறான், ஆனாலும் சொல்கிறேன், அப்படி ஒரு காலை நான் பார்த்ததில்லை. அவனைப் பார்க்கத்தான் அன்று பெரிய கிளப்பிலிருந்து ஆள் வந்திருந்தார். பிடித்துப்போனால் அவர்கள் பயிற்சி அகாடமியில் இடம். இல்லாவிட்டால், இந்தச் சேற்றுப் பக்கம் அவர் மறுபடி வரப்போவதில்லை.

"இன்னைக்குப் பார்த்தா என் வாயைக் கட்டணும்?" என்று புலம்பினார் நெவில்.

"உன் வாயாலதான்யா அந்தப் புள்ள கெட்டுப்போகுது" என்றாள் ஷெரில். "ஒரு நாளாவது நிம்மதியா ஆடட்டும். டங்கனைப் பாரு. என்னைக்காவது கத்தியிருக்காரா?"

அது உண்மைதான். கோச் டங்கன் குரலை உயர்த்தியே நாங்கள் கேட்டதில்லை. விரலை அசைத்தால் போதும், பையன்கள் ஓடுவார்கள். என்ன மனுஷன் என்று வீட்டில்கூடப் பேசிக்கொள்வோம். அவர் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, நெவிலுக்குப் பக்கத்தில் அமைதியாக நின்றார்.

ஆட்டம் தொடங்கியது.

பந்து எல்லிஸிடம் வந்தது. ஒருவனை ஏமாற்றினான், இன்னொருவனை ஏமாற்றினான். பிறகு நின்றான். தலையைத் திருப்பி எங்கள் பக்கம் பார்த்தான். அதற்குள் எவனோ வந்து பந்தைப் பறித்துக்கொண்டு போய்விட்டான்.

மறுபடி பந்து வந்தது. மறுபடி நின்றான், பார்த்தான், பறிகொடுத்தான்.

"இவனுக்கு என்ன ஆச்சு?" என்று என் காதில் கேட்டாள் ஷெரில்.

"அப்பனோட சத்தம் வரலையே, அதான் தேடுறான்" என்றேன்.

நெவில் காதிலும் அது விழுந்திருக்க வேண்டும். அவர் வாயில் லாலிபாப் நொறுங்கும் சத்தம் கேட்டது.

ஆட்டம் முடியும் நேரம். எதிரணி கோல்கீப்பர் சேற்றில் வழுக்கி விழுந்து கிடந்தான். பந்து எல்லிஸின் காலடியில். எதிரே காலி கோல். என் பாட்டியே அடித்திருப்பாள்.

எல்லிஸ் நின்றான். எங்கள் பக்கம் பார்த்தான்.

நெவிலின் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம் என்று எனக்கே ஆகிவிட்டது.

விழுந்தவன் எழுந்து வந்து, பந்தை எடுத்துக்கொண்டு போனான்.

விசில் அடித்ததும், கிளப்பிலிருந்து வந்தவர் நேரே டங்கனிடம் போனார்.

"பையன் கால் தங்கம். ஆனா சொந்தமா ஒரு முடிவு எடுக்க வரலையே. இங்கிலாந்து முழுக்க இதே கதைதான் சார். ரொம்ப வருத்தமா இருக்கு."

டங்கன் வருத்தமாகத் தலையாட்டினார்.

"ஆனா உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு" என்றார் அவர். "பையன்க எவ்வளவு அடக்கம்! ஒருத்தன்கூட உங்க பேச்சை மீறுற மாதிரி தெரியல. எங்க அகாடமில சின்னப் பசங்களுக்கு ஒரு கோச் தேவை. வர்றீங்களா?"

அன்று முதன்முறையாக டங்கனின் கை பையைவிட்டு வெளியே வந்தது. இருவரும் கைகுலுக்கினார்கள்.

நாங்கள் கைதட்டினோம். தட்டிவிட்டு, எல்லாருமாக நெவிலைத் திரும்பிப் பார்த்தோம்.

"திருப்தியா?" என்றாள் ஷெரில். "கத்திக் கத்தியே பெத்த புள்ளையப் பொம்மையாக்கிட்டியே!"

நெவில் சேற்றில் மண்டியிட்டு, நடந்து வந்த மகனின் தோளைப் பிடித்துக்கொண்டார். 

"மன்னிச்சுடுடா கண்ணு. என் குரல் இல்லாம நீ தவிச்சுப் போயிட்ட. எல்லாம் என் தப்பு. ஒவ்வொரு தடவையும் என்னையே பார்த்தியே..."

எல்லிஸ் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டான்.

"உங்களையாப்பா? நீங்க கத்துறது எனக்குக் காதுலயே விழாது. நான் கோச்சைத்தான் பார்த்தேன். இன்னைக்கு அவர் கையை வெளியவே எடுக்கல. அவர் விரல் காட்டாம நான் கோல் அடிச்சா, அடுத்த மேட்ச்ல என்னைய வெளியதானப்பா உட்கார வைப்பாரு?"